நடாத மரங்கள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரைக்குக் களை பிடுங்கப் போகிறேன் என்று சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மேற்குச் சிட்னியில், டூங்காபி ஓடையில் போய்க் கலக்கும் ஒரு சின்ன ஓடை அது. கரையில் இரண்டு ஏக்கர் காடு. உள்ளூர் கவுன்சிலின் புஷ்கேர் திட்டத்தில் (தன்னார்வலர்கள் சேர்ந்து காட்டைப் பராமரிப்பது) நாங்கள் எட்டுப் பேர். நான் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். “என் வீட்டு மல்லிகை ஏன் பூப்பதில்லை?” என்று கேட்ட மூன்று பேரும் மன்னிக்கவும். எனக்கும் பூப்பதில்லை.

14 வருடத்தில் எத்தனை மரம் நட்டிருப்பீர்கள்?
(வாசகர், பிளாக்டவுன்)

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். குன்னூரிலிருந்து என் தம்பி போன் செய்தாலும் இதையே கேட்பான். எண்ணிப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டாது. அதிலும் பாதி, ஜூலை கடைசி ஞாயிறு வரும் தேசிய மர நாளில் பள்ளிப் பிள்ளைகள் குழி தோண்ட, நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியது.

எங்கள் வேலை நடுவது இல்லை, பிடுங்குவது. மேற்குச் சிட்னியின் களிமண்ணில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த காட்டுக்குக் கம்பர்லாந்து சமவெளிக் காடு என்று பெயர். காடு என்றதும் முதுமலையை நினைக்க வேண்டாம். கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம், அயர்ன்பார்க் என்று யூகலிப்டஸ் வகைகள் விட்டு விட்டு நிற்கும். நடுநடுவே பர்சேரியா என்ற முள்புதர். கீழே முழங்கால் உயரக் கங்காரு புல். பார்க்கிற ஆளுக்கு ‘காலி இடம்’ மாதிரிதான் தெரியும். அதனால்தான் சுலபமாகக் காலி செய்தார்கள். முதலில் பண்ணை, மேய்ச்சல், அப்புறம் வீடு, நெடுஞ்சாலை. இன்றைக்கு 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். 2009-இல் மத்திய அரசு இதை அழிவின் விளிம்பில் இருக்கும் காட்டு வகை என்று பட்டியலில் சேர்த்தது.

ஆனால் மண்ணுக்குள் விதை இருக்கிறது. இங்கே வாட்டில் என்று சொல்லும் மரங்களின் விதை பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மேலே போர்வை மாதிரிக் கிடக்கும் களையை விலக்கினால், வெளிச்சம் பட்டுச் சிலது தானாக எழுந்து வரும். நர்சரியில் வாங்கி நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், முயல் கடிக்காமல் உறை மாட்ட வேண்டும், செத்தால் வருத்தப்பட வேண்டும். தானாக முளைத்தது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நான் சேர்ந்த ஆறாவது வருடம் என்று நினைவு. ஒரு கதவு அகலத்துக்குப் பிரிவெட் என்ற களைப் புதரை எடுத்த இடத்தில், அடுத்த வசந்தத்தில் இரண்டு விரல் உயரத்தில் ஒரு செடி. எதிரெதிராகச் சின்னச் சின்ன இலைகள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பூத்த பிறகுதான் புரிந்தது, அவுரி. தலைக்குச் சாயம் போடுகிறோமே, அந்த அவுரியின் ஆஸ்திரேலியச் சொந்தம். பூ மட்டும் இளம் ஊதா. அந்த இடத்தில் பிரிவெட் எத்தனை வருடம் கவிந்து கிடந்ததோ, அத்தனை வருடமும் இது அடியில் காத்திருந்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன், உப்பே போடவில்லை.

இந்த வேலையை யார் தொடங்கியது? அரசாங்கமா?
(வாசகி, கான்பெரா)

அரசாங்கம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய மோஸ்மனில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். ஆஷ்டன் பார்க் காட்டுக்குள் நடக்கிற வழக்கம் உள்ளவர்கள். (அங்கே பிராட்லிஸ் ஹெட் என்று ஒரு முனை இருக்கிறது. அது இவர்கள் பெயர் இல்லை, 1788-இல் குடியேற வந்த முதல் பிரிட்டிஷ் கப்பல்களோடு வந்த ஒரு கடற்படை அதிகாரியின் பெயர். நானே ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.) களையை மொத்தமாக வெட்டிச் சுத்தமாக்கிவிட்டுப் போனால், கொஞ்ச நாளில் அதே களை இன்னும் கொழுத்து வருவதை இவர்கள் கவனித்தார்கள். 1960-களில், ஆள் பலம் எதுவும் இல்லாமல், போகிற போக்கில் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று பிடுங்க ஆரம்பித்தார்கள்.

அனுபவத்தில் மூன்று விதி கிடைத்தது. நல்ல காடு இருக்கும் இடத்தில் தொடங்கி மோசமான இடத்தை நோக்கிப் போக வேண்டும். மண்ணைக் கிளறக் கூடாது. கிளறிவிட்டால் சருகை இழுத்து மூடிவிட வேண்டும். மூன்றாவது, சொந்தச் செடி திரும்பி வருகிற வேகத்துக்கு மேல் களையை எடுக்கக் கூடாது. முதல் இரண்டும் யாருக்கும் கைவரும். மூன்றாவதுதான் நம்மைப் போன்ற ஆட்களுக்குக் கஷ்டம். அரிவாளை எடுத்தால் வேலை முடிந்துதான் கீழே வைப்போம் என்கிற வளர்ப்பு நமக்கு. 1970-களில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு இந்த முறையைக் கையில் எடுத்தது, கவுன்சில்கள் அதன் பிறகு. இன்று ஆஸ்திரேலியாவில் புஷ் ரீஜெனரேஷன், அதாவது காட்டை மீட்டெடுப்பது, என்பது படித்துச் சான்றிதழ் வாங்கிச் சம்பளத்துக்குச் செய்கிற தொழில்.

பாதுகாப்பது என்றால் கெல்லிஸ் புஷ் கதையையும் சொல்ல வேண்டும். ஹன்டர்ஸ் ஹில்லில் தண்ணீர்க் கரையோரம் சின்னதாக ஒரு காடு. அங்கே வீடு கட்டப் போகிறார்கள் என்று தெரிந்து பதின்மூன்று பெண்கள் கூடினார்கள். மனு, கடிதம், கூட்டம், எதற்கும் அசைவில்லை. 1971-இல் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். அங்கே ஜாக் மண்டி இருந்தார், கம்யூனிஸ்ட். வந்தவர்களோ வசதியான பகுதியின் இல்லத்தரசிகள். சங்கம் ஒத்துக்கொண்டது. ‘அங்கே ஒரு மரத்தில் கை வைத்தால், உங்கள் மற்றக் கட்டடம் பாதியில் நிற்கும்’ என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டார்கள். உலகத்தின் முதல் ‘பசுமைத் தடை’ என்று அதைச் சொல்கிறார்கள். 1983-இல் மாநில அரசு அந்த இடத்தை வாங்கிப் பொதுவாக்கியது. நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அவ்வளவு சின்னக் காட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்த பிறகு தோன்றவில்லை.

ஓடைக்கரை வேலியெல்லாம் முடக்கத்தான் படர்ந்து கிடக்கிறது. தோசைக்குப் பறிக்கலாமா?
(வாசகி, டூங்காபி)

பறிக்காதீர்கள் அம்மா. அது முடக்கத்தான் இல்லை, முடக்கத்தானின் அக்கா. இங்கே பலூன் வைன் என்பார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. இலை, பற்றுக்கம்பி, காற்றடைத்த காய் எல்லாம் அப்படியே நம்ம ஊர் சாடைதான். ஆனால் பூவும் காயும் பெரிது, தண்டு பென்சில் கனம். விதையை உரித்துப் பாருங்கள். நம் முடக்கத்தானின் கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதய வடிவம் இருக்கும். இதில் சின்ன வட்டப் பொட்டு. தவிர, ஓடையில் வருவது ரோட்டுத் தண்ணீர், கரையில் யார் எப்போது களைக்கொல்லி மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. தோசைக்கு வேண்டுமென்றால் உங்கள் தொட்டியில் வளருங்கள், காய் முற்றும் முன்பு கிள்ளிவிடுங்கள்.

இந்தக் கொடி ஏறினால் மரத்தின் உச்சி வரை போகும். மேலே போய்க் குடை விரித்துவிட்டால் அடியில் மரம் வெளிச்சமில்லாமல் சாகும். காய் படகு மாதிரி மிதந்து ஓடையில் கீழே போகும். அதனால்தான் நாங்கள் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கமாக வேலை செய்கிறோம். மேலே ஒரு கொடியை விட்டுவிட்டுக் கீழே நூறு பிடுங்கிப் பயனில்லை.

நம் கண்ணை ஏமாற்றும் இன்னும் இரண்டு உண்டு. மடெய்ரா வைன் என்று ஒன்று, பார்த்தால் கொடிப்பசலை. நிஜமாகவே பசலைக் குடும்பம்தான். தண்டு நெடுக இஞ்சித் துண்டு மாதிரி கிழங்கு தொங்கும். கொடியை இழுத்தீர்களோ, அத்தனையும் கொட்டி அத்தனையும் முளைக்கும். இழுக்கவே கூடாது. நின்ற நிலையில் தண்டைக் கத்தியால் சுரண்டி மருந்து தடவ வேண்டும். இன்னொன்று டிராட், பிரேசிலிலிருந்து வந்த தரைப்படர் செடி. இதற்கு எதிர்ச்சிக்கல். இங்கேயே சொந்தமான கானாவாழை ஒன்று கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது. நீலப்பூ என்றால் சொந்தம், வெள்ளைப்பூ என்றால் களை. பூ இல்லாத காலத்தில் இலையைத் தடவிப் பார்க்க வேண்டும்: பளபளவென்று சதைப்பற்றாக இருந்தால் டிராட், மெல்லிசாக மங்கலாக இருந்தால் கானாவாழை. என் முதல் மூன்று மாதம் நான் பிடுங்கியது எத்தனை சதவீதம் எது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நல்லவேளை.

வெளிநாட்டுச் செடி என்று பிடுங்குகிறீர்கள். நாமும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தானே?
(வாசகர், ஹோம்புஷ். இதே கேள்வி வேறு நான்கு ஊர்களிலிருந்தும்)

நான் பிறந்தது குன்னூரில். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. எங்களுக்குக் காடு என்றால் சீகை மரமும் கற்பூர மரமும்தான். அடுப்பெரிப்பது சீகை விறகு. சளி பிடித்தால் கற்பூர மர இலையைக் கொதிக்கவைத்து ஆவி. பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊரின் இயற்கை’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது இந்த இரண்டையும் எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கினேன்.

1991-இல் சிட்னிக்கு வந்தேன். ஆகஸ்ட் மாதம், நல்ல குளிர். ரயில் பாதையோரம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, இறங்கியதும் அதே வாசனை. “அட, நம்ம ஊர் சீகை இங்கே எப்படி வந்தது?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ரொம்ப நேரம் சிரித்தார். இந்த நாட்டுக் கிரிக்கெட் சட்டையின் பச்சையும் மஞ்சளும் அந்தப் பூவின் நிறம்தான் என்று அப்புறம் சொன்னார். சீகை என்பது இங்கத்து வாட்டில், கற்பூர மரம் என்பது யூகலிப்டஸ். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் இங்கிருந்து விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுபோனவை. எங்கள் ஊர் இயற்கை என்று நான் எழுதியது தப்பு. எட்டு மதிப்பெண் போட்ட டீச்சருக்கும் தெரிந்திருக்காது. சீகை பரவிய இடமெல்லாம் முன்பு சோலையும் புல்வெளியும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லைத் தேடி அலைய வேண்டியிருப்பதற்கு இந்த மரங்களுக்கும் பங்கு உண்டு.

அதனால் ‘வெளிநாட்டுச் செடி கெட்டது’ என்று நான் நினைப்பதில்லை. ஒரே குடும்பத்து மரம். இங்கே நல்ல மரம், அங்கே தொல்லை. இங்கே அதை அரிக்கப் பூச்சி இருக்கிறது, விதையைத் தின்ன எறும்பு இருக்கிறது, கொஞ்ச வருடத்தில் வயதாகி விழுந்து அடுத்ததுக்கு இடம் விடுகிறது. அங்கே கேட்பாரில்லை. எங்கள் இரண்டு ஏக்கரிலும் வெளியூர்ச் செடி ஏராளம். சும்மா ஓர் ஓரமாக இருப்பதை நாங்கள் தொடுவதே இல்லை. தொட நேரமும் இல்லை. மற்றதை மூடிச் சாகடிப்பதைத்தான் எடுக்கிறோம். மனிதர்களைச் செடிக்கு ஒப்பிடும் வேலையை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: இந்த மண் டாருக் என்ற பூர்வகுடி மக்களுடையது. எங்கள் பக்கத்து ஊரான பரமட்டாவின் பெயரே விலாங்கு மீன் இருக்கும் இடம் என்ற அவர்கள் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஓடையைக் குப்பைக் கால்வாயாக்கியதில் வந்தேறிகள் எல்லோருக்கும் பங்கு உண்டு, எனக்கும்தான்.

2024-இல் விநாயகர் சதுர்த்தி எங்கள் முதல் சனிக்கிழமையிலேயே வந்தது. அன்றைக்குப் பார்த்து எனக்குக் கொடுத்த வேலை, காட்டு விளிம்பில் அருகம்புல் எடுப்பது. பக்கத்துப் பூங்காப் புல்வெளியிலிருந்து வேர் விட்டு உள்ளே நுழைகிறது, எடுத்தே ஆக வேண்டும். எடுத்தேன். ஒரு கைப்பிடியைத் தனியாகக் கழுவி, காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேற்பார்வையாளர், “களையை எதற்கு எடுத்துப் போகிறாய்?” என்று கேட்டார். “எங்கள் கடவுளுக்கு இது பிடிக்கும்” என்றேன். “அப்படியானால் மூட்டையையே எடுத்துக்கொள்” என்றார்.

அந்த வழியாக நடந்தேன். முறிந்த கிளை, பட்டை, சருகு என்று ஒரே அலங்கோலம். இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், பெருக்கினால் என்ன?
(வாசகர், வென்ட்வொர்த்வில்)

வாசல் தெளித்துக் கோலம் போடுகிற கை எனக்கும். முதல் வருடம் எனக்கும் அதே நமைச்சல். ஒரு நாள் மேற்பார்வையாளர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த பட்டையை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு நத்தை. கூடு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, தேன் கலந்த பழுப்பு. கம்பர்லாந்து சமவெளி நத்தை என்று பெயர். பெயரைப் போலவே இந்தச் சமவெளியை விட்டால் வேறு இடம் கிடையாது. சருகடிப் பூஞ்சையைத் தின்று வாழ்கிறது, வறண்ட காலத்தில் மண்ணுக்குள் புதைந்துகொள்கிறது. பட்டையை எடுத்த மாதிரியே திருப்பி வைத்தார், சட்டிக்கு மூடி வைப்பது போல. அதன் பிறகு நான் துடைப்பத்தைப் பற்றிப் பேசவில்லை.

விறகுக்கு என்று விழுந்த கட்டையை எடுத்துப் போகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். உங்கள் வீட்டுப் புல் வெட்டிய குப்பையை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டுவதும் வேண்டாம். ‘மக்கி உரமாகத்தானே போகிறது’ என்பீர்கள். இந்த நாட்டுச் செடிகள் சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகியவை. உரம் போட்டால் கொழிப்பது களைதான். சென்ற கோடையில் எங்கள் கங்காரு புல் திட்டை ஒருவர் வந்து ‘சுத்தமாக’ மிஷின் வைத்து வெட்டிவிட்டுப் போனார், விதை கட்டும் நேரம் பார்த்து. யார் அனுப்பிய ஆள் என்று கேட்டால், ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டினார்கள். அந்த ஆறு வருடப் புல்லைப் பற்றி இன்னும் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

மருந்து தடவுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். இயற்கையைக் காக்க விஷமா?
(வாசகி, மெல்பர்ன்)

நியாயமான கேள்வி. பயன்படுத்துவது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற வகையில் அதைச் சேர்த்தது. ஆஸ்திரேலியக் கட்டுப்பாட்டு அமைப்பு, சீட்டில் சொன்னபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் நான் கையுறை மாட்டுகிறேன்.

எங்கள் குழு தெளிப்பதில்லை. பிரிவெட் தண்டைத் தரையோடு தரையாகக் கவாத்துக் கத்தரியால் வெட்டி, சின்ன பாட்டில் நுனியால் வெட்டுவாயில் ஒரு தடவு. வெட்டி 15 விநாடிக்குள் தடவிவிட வேண்டும், பிந்தினால் செடி காயத்தை மூடிக்கொள்ளும். அதனால் இரண்டு பேராகச் செய்வோம், ஒருவர் வெட்ட ஒருவர் தடவ. பேச்சு சுவாரசியத்தில் 15 விநாடி போய்விட்டால் மறுபடி வெட்ட வேண்டும். தண்ணீரோரம் நான் தடவுவதில்லை, கையால்தான். மருந்தே தொட மாட்டேன் என்கிறவர்கள் எங்கள் குழுவில் இரண்டு பேர், அவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. அவர்களுக்கு ஆஸ்பராகஸ் ஃபெர்ன் இருக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம். வேரில் வெள்ளை வெள்ளையாகக் கிழங்கு கொத்துக் கொத்தாக இருக்கும், எல்லாவற்றையும் தோண்ட வேண்டுமோ என்று மலைக்கும். தேவையில்லை. அது வெறும் தண்ணீர்ப் பை, முளைக்காது. தண்டுகள் கூடும் அந்த முடிச்சை மட்டும் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்தால் போதும். பலாப்பழத்துக் காம்பை அறுக்கும் அதே கை அசைவு.

பாம்பு?
(ஒரு வார்த்தையில் கேட்ட வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

உண்டு. சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பை 14 வருடத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் அதுதான் முதலில் போனது. கனமான பூட்ஸ், நீளக் கால்சட்டை, கையை விடும் இடத்தைப் பார்த்துவிட்டு விடுவது. ஃபனல் வெப் சிலந்திக்கு 1981-இல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு அதனால் யாரும் இறந்ததில்லை என்று ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் சொல்கிறது. எனக்கு உண்மையில் பயம் கொசு.

இத்தனை வருடத்தில் செய்த பெரிய தப்பு எது?
(வாசகர், பெண்டில் ஹில்)

சொல்ல வெட்கம்தான், ஆனால் சொல்கிறேன். சேர்ந்து இரண்டாவது வருடம். என் வீட்டு வேலிக்குப் பின்னால் இருபது மீட்டர் நீளத்துக்கு உண்ணிச்செடிப் புதர். லான்டானா என்று இங்கே சொல்கிறார்கள். அமெரிக்க வெப்ப நாட்டுச் செடி, நீலகிரிக் காட்டையும் விழுங்கியது அதுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதன் மேல் கோபம். மாதம் மூன்று மணி நேரம் என்றால் இது எப்போது முடியும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் யாரிடமும் சொல்லாமல் இறங்கினோம். காலை ஏழிலிருந்து இருட்டும் வரை. கையெல்லாம் கீறல். மொட்டைத் தரை. பெருமையாக போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

அந்தப் புதருக்குள் நீலச் சிட்டுகள் இருந்தன. ஃபேரி ரென் என்பார்கள். ஆண் பறவையின் தலை, நம் தீபாவளி மத்தாப்புப் பெட்டியில் வருகிற நீலம். வாலை நிமிர்த்திக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குக் கீழே கத்திக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை காலை சத்தம் இல்லை. செவ்வாயும் இல்லை. முள்ளும் அடர்த்தியுமாக ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடம் களைச்செடிதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு வாரத்தில் நாய்ஸி மைனர் கூட்டம் வந்து மரத்தை எடுத்துக்கொண்டது. (நம்ம ஊர் மைனா இல்லை. அதுவும் 1860-களில் மெல்பர்னில் கொண்டுவந்து விடப்பட்டு இங்கே திரிகிறது. இது இந்த நாட்டுப் பறவையே, பெயர்தான் ஒரே மாதிரி.) திறந்த வெளி கிடைத்தால் இவை மற்றச் சின்னப் பறவையை அண்ட விடாது. வசந்தத்தில் மொட்டைத் தரையில் பச்சை தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பிரிவெட் நாற்று. விதைத்த கீரைப் பாத்தி மாதிரி.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, “இனி நீ இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும்” என்றார். நான்கு வருடம் வந்தேன். இப்போது உண்ணிச்செடியை எடுக்கும்போது சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் எடுத்து ஒரு கட்டம் விடுகிறோம். எடுத்த கட்டத்தில் பர்சேரியா முள் இடுப்பளவு வந்தால்தான் அடுத்தது. பர்சேரியாவுக்கும் முள் இருக்கிறது, சிட்டுக்கு அது போதும்.

ஐந்தாவது வருடம் சிட்டு வந்தது. ஒன்றுதான். பெட்டை, நீலம் கிடையாது, பழுப்பு. நான் அன்று யாருக்கும் போட்டோ அனுப்பவில்லை.

எங்கள் பக்கம் சீகையை வெட்டி அகற்றுகிறார்கள். வெட்டிய இடத்தில் சீகையே கும்பலாக முளைக்கிறது. நாங்கள் பத்து இளைஞர்கள் இருக்கிறோம். என்ன செய்யலாம்?
(வாசகர், கோத்தகிரி)

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளையே எழுதினேன் என்று வைத்துக்கொள். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியக் களைச்செடிகளுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் மரத்தை வெட்டுவது முதல் நாள் வேலை. சீகை விதைக்கு ஓடு கெட்டி, மண்ணுக்குள் ரொம்ப காலம் கிடக்கும். தீப்பட்டாலோ மண் புரண்டாலோ முளைக்கும். அதன் சொந்த ஊரில் அதற்கு அதுதான் வேலை: காட்டுத் தீக்குப் பிறகு முதல் ஆளாக எழுவது. நீங்கள் வெட்டி, இழுத்து, குப்பையை எரித்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி.

வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள், அது முதலில். அனுமதி கிடைத்தால், சீகை அடர்ந்த இடத்துக்குப் போக வேண்டாம். நல்ல புல்வெளி எங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அதன் விளிம்பில் நாலு நாற்று முளைத்திருக்கும். மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போது கையால் இழுத்தால் வேரோடு வரும். அடுத்த மழைக்கும் அதே இடம். பத்துப் பேரால் ஒரு மலையைக் காப்பாற்ற முடியாது, ஒரு புல்வெளியின் விளிம்பைக் காப்பாற்ற முடியும். எங்கள் ஓடைக்கரைக் கங்காரு புல் இருக்கிறதே, அதே இனப் புல் நீலகிரிப் புல்வெளியிலும் உண்டு. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளக் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

இன்னொன்று. பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். பல இடத்தில் முளைக்கின்றன. அங்கே மேலே உள்ள சீகையை ஒரே நாளில் வெட்டினால், வெயில் பட்டுக் கன்றும் போய்விடும். அங்கே அவசரம் வேண்டாம். என் உண்ணிச்செடிக் கதையை உங்கள் குழுவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் வரலாமா? ஆங்கிலம் சுமார்தான். வயது 67.
(வாசகி, வென்ட்வொர்த்வில்)

எனக்கு 64, முழங்கால் 80. தாராளமாக வரலாம். உங்கள் கவுன்சில் அலுவலகத்தில் புஷ்கேர் என்று கேட்டால் பக்கத்துக் குழுவைச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. கையுறை, கத்தரி, காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் நாள் ஒரே ஒரு செடியைக் காட்டி, இதை மட்டும் எடு என்பார்கள். அதற்கு ஆங்கிலம் எதற்கு? பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தால் நீங்கள் கூடவே இருக்க வேண்டும்.

முழுக்கை சட்டை, தொப்பி, தண்ணீர். புடவை வேண்டாம், முள்ளில் சிக்கும், நான் சிக்கியிருக்கிறேன். வேறு காட்டுக்குப் போன செருப்போடு வந்தால் அடிப்பாகத்தில் ஸ்பிரிட் தெளிக்கச் சொல்வார்கள். 2010-இல் இந்த நாட்டுக்குள் வந்த மிர்ட்டில் துரு என்ற பூஞ்சையும், மண்ணில் ஒட்டி வரும் வேரழுகலும் இன்னொரு காட்டுக்குப் போகாமல் இருக்க. மிர்ட்டில் துரு யூகலிப்டஸையும் நாவல் இனத்து மரங்களையும் பிடிக்கும். காலை ஒன்பதுக்கு ஆரம்பம், பத்தரைக்குத் தேநீர். பிஸ்கட் கவுன்சில் கணக்கில். சுண்டல் என் கணக்கு. அடுத்த மாதம் கறுப்புக் கொண்டைக்கடலை, தேங்காய் நிறையப் போட்டு.